ஸ்பைடர் ஆர்டி, எஃப்3, ஹார்லி ட்ரை கிளைட், கோல்ட்விங் டிரைக்... நெடும்பயணத்துக்கு எந்த மூணு சக்கர பைக்? முழு விளக்கம்

அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலைப் பயண வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த வண்டி புதிதல்ல. பைக் மாதிரியே ஹேண்டில்பார், பைக் மாதிரியே சீட், ஆனால் சக்கரம் மட்டும் மூன்று. பின்னால் பெரிய டிக்கி, முன்னால் உயரமான கண்ணாடி, கணவனும் மனைவியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம்.

பார்க்க எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும், ஒன்றுக்கொன்று ஓடும் விதமே வேறு. கண்ணைக் கவரும் ஸ்கிரீனையும் இன்ஜின் அளவையும் பார்த்து வாங்கிவிட்டு, முதல் மலைப்பாதையிலேயே திணறியவர்கள் உண்டு. எந்த மாடல் யாருக்கு? வாங்கும் முன் என்ன கேட்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் மூணு சக்கரம்?

நீண்ட பயணத்துக்கான பெரிய இருசக்கர பைக்குகள் சாதாரணமாகவே 350 கிலோவைத் தாண்டும். ஓடும்போது அந்த எடை தெரியாது. நிற்கும்போதுதான் பிரச்சினை. சிக்னலில், பெட்ரோல் பங்கில், ஜல்லி கொட்டிய பார்க்கிங்கில், பின்சீட்டில் ஒருவர் ஏறி இறங்கும் நேரத்தில், அந்த மொத்த எடையையும் தாங்குவது ஓட்டுபவரின் இரண்டு கால்கள்.

வயது ஏறும்போது முட்டி வலி, இடுப்பு அறுவை சிகிச்சை, தோள்வலி என்று ஒவ்வொன்றாக வரும். பல வருஷம் பைக் ஓட்டியவர்களுக்கு 'இனிமேல் வண்டியை வித்துடலாமா?' என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. காலில் பாதிப்பு உள்ளவர்கள், உயரம் குறைவானவர்கள், பைக்கே ஓட்டத் தெரியாமல் காரிலிருந்து நேராக வருபவர்கள் என இன்னும் சிலருக்கும் இதே தடை இருக்கிறது. நின்றாலும் சாயாத மூணு சக்கர வண்டி இவர்களுக்கு ஒரு வழி. அதனால் இதை வெறும் பணக்கார விளையாட்டுப் பொருளாகப் பார்க்க முடியாது. சாலையில் தொடர்வதா, நிறுத்திக்கொள்வதா என்ற முடிவும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்த யோசனையும் புதிது இல்லை. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932-லேயே 'சர்வி-கார்' என்ற மூணு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் போலீசும் வொர்க்ஷாப்காரர்களும் அதிகம் பயன்படுத்திய அந்த வண்டி 1973 வரை தயாரிக்கப்பட்டது.

முதல் கேள்வி: ரெட்டைச் சக்கரம் முன்னாலா, பின்னாலா?

மாடல் பெயர்களுக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். மற்ற எல்லா வித்தியாசமும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நம்மூர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. இதை 'டெல்டா' அமைப்பு என்கிறார்கள். ஹார்லி ட்ரை கிளைட், கோல்ட்விங் டிரைக் இரண்டும் இந்த ரகம்.

இதையே தலைகீழாகத் திருப்பி, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் வைத்தால் அது 'டாட்போல்'. தலைப்பிரட்டையின் உருவம் என்பதால் அந்தப் பெயர். கேன்-ஆம் ஸ்பைடர் இந்த ரகம்.

சரி, இதனால் என்ன ஆகும்? ஆட்டோவில் போகும்போது டிரைவர் ஒரு வளைவில் வேகமாகத் திருப்பி, நடுவிலேயே பிரேக்கையும் அழுத்தினால் உள்பக்கப் பின்சக்கரம் தூக்குவது போல இருக்கும். காரணம் எளிமையானது. மூன்று சக்கரத்தையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியின் எடை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வளைவில் எடை வெளிப்பக்கம் தள்ளும். பிரேக் அடித்தால் முன்பக்கம் தள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், எடை முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கி ஓடும். டெல்டாவில் அந்தக் குறுகிய முனை முன்னால் இருக்கிறது.

'மிஸ்டர் பீன்' தொடரில் அடிக்கடி கவிழ்ந்து சிரிப்பு மூட்டுமே ஒரு நீல நிற மூணு சக்கர கார், அதுவும் இதே டெல்டா அமைப்புதான்.

டாட்போலில் அகலமான பக்கம் முன்னால் இருப்பதால், வளைவில் பிரேக் அடித்தாலும் எடை போய்ச் சேரும் இடம் அகலமாக இருக்கிறது. அவசரத்தில் மனிதர்கள் செய்வது பெரும்பாலும் பிரேக் அடிப்பதுதான் என்பதால், இது பெரிய சாதகம்.

அப்படியென்றால் டெல்டா மோசமா? அப்படிச் சொல்ல முடியாது. ஹார்லி மாதிரி டூரிங் டிரைக்கில் எடை தாழ்வாகவும் பின்சக்கரங்கள் அகலமாகவும் இருக்கும். பின்சீட்காரரின் எடையும் பையின் எடையும் நேராக அகலமான அச்சின் மேலேயே உட்காரும். இன்ஜின் சக்தியும் இரண்டு சக்கரத்துக்குப் போகிறது. ஈர மண்ணிலோ ஜல்லியிலோ கிளம்பும்போது அது உதவும். டாட்போலில் ஓட்டும் சக்கரம் பின்னால் ஒன்றே ஒன்று.

ஒரே நிபந்தனை: டெல்டாவில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடணும். உள்ளே போன பிறகு பிரேக்கைத் தேடக்கூடாது.

கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி: வசதிக்கு முதலிடம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள பிஆர்பி நிறுவனத்தின் தயாரிப்பு. ஸ்பைடர் வரிசை 2007-ல் அறிமுகமானது. டூரிங்குக்கான ஆர்டி 2010 மாடலாக வந்து, 2020-ல் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது.

முக்கிய அம்சங்கள்:

• 1,330 சிசி, மூன்று சிலிண்டர் ரோடாக்ஸ் இன்ஜின், 115 குதிரைத்திறன்
• கிளட்ச் லீவர் இல்லாத 6 ஸ்பீடு கியர். விரலால் தட்டினால் கியர் ஏறும். வேகம் குறையும்போது தானாகவே இறங்கும். ரிவர்ஸ் கியர் உண்டு
• மின்சார பவர் ஸ்டியரிங், ஏபிஎஸ், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு
• பொருள் வைக்க மொத்தம் 177 லிட்டர் இடம் (மேல் பெட்டியுடன் வரும் லிமிடெட் மாடலில்)
• சீட் உயரம் 755 மில்லிமீட்டர்

இதில் உட்காரும் நிலை நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது போல இருக்கும். கால் முட்டிக்கு நேர் கீழே வரும். முன் கண்ணாடியை ஒரு பட்டனில் ஏற்றி இறக்கலாம். குளிர் பிரதேசத்துக்கு ஏற்ற மாதிரி கைப்பிடி சூடாகும் வசதியும் இருக்கிறது. பின்சீட்காரருக்கு முதுகு சாய இடம், கை பிடிக்க இடம் இரண்டும் உண்டு. ஆறு மணி நேரம் பின்னால் உட்காரப் போகிறவர் யார் என்று யோசித்து வடிவமைத்த வண்டி என்று தெரிகிறது.

நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என்பது என்ன? வளைவில் வண்டி வேகமாக நுழைந்து ஒரு சக்கரம் பிடிப்பை இழப்பதாக சென்சார் உணர்ந்தால், இன்ஜின் சக்தியைக் குறைத்து, தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுக்கும். உதவியாக இருக்கும். ஆனால் மலைப்பாதையில் கண்மண் தெரியாமல் ஓட்ட அது அனுமதிச் சீட்டு இல்லை.

டாட்போலில் ஒரு விஷயம் கவனிக்கணும். பின்சீட்காரரும் பின் பெட்டியும் சேர்ந்து எடையை ஒற்றைச் சக்கரத்தின் மேல், அதுவும் உயரத்தில் ஏற்றுகிறார்கள். அதனால் கனமான பொருளை முன் டிக்கியில் வைத்து, மேல் பெட்டியில் சட்டை, போர்வை மாதிரி லேசானதை வைப்பது நல்லது. ஸ்பைடரில் இன்ஜின் சீட்டுக்குக் கீழே இருப்பதால் முன்பக்கம் கார் போல ஒரு டிக்கி கிடைக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள்.

எஃப்3-டி, எஃப்3 லிமிடெட்: கால் நீட்டி ஓட்ட விரும்புபவருக்கு

இதே இன்ஜின், இதே கியர், இதே கம்பெனி. பிறகு ஏன் தனி மாடல்? உட்காரும் விதம்தான் காரணம்.

எஃப்3-யில் சீட் தாழ்வு. 675 மில்லிமீட்டர்தான். கால் முன்னால் நீண்டிருக்கும். ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப கால்படியை முன்பின் நகர்த்தவும், ஹேண்டில்பாரை மாற்றவும் முடியும். 'யூஃபிட்' என்று இதற்குப் பெயர். உயரம் குறைவானவர்கள் பலருக்கு எஃப்3 பிடிப்பது இதனால்தான்.

எஃப்3-டி மாடலில் பக்கப் பெட்டிகள் உண்டு, பின்னால் மேல் பெட்டி கிடையாது. மொத்தம் 78 லிட்டர் இடம். எஃப்3 லிமிடெட்டில் மேல் பெட்டியும் சேர்ந்து 138 லிட்டர். அந்த மேல் பெட்டிதான் பின்சீட்காரருக்கு முதுகு சாயும் இடமும்கூட. அதனால் கணக்கு சுலபம். தனியாகப் போகிறவருக்கு எஃப்3-டி போதும். இரண்டு பேர் போவதாக இருந்தால் எஃப்3 லிமிடெட்டிலிருந்து ஆரம்பிக்கணும்.

எஃப்3-யா, ஆர்டி-யா என்று குழம்புகிறவர்களுக்கு முதுகும் முட்டியும் பதில் சொல்லிவிடும். முட்டியை மடக்கி வைத்தால் வலிக்கிறது என்பவர்களுக்கு எஃப்3-யின் நீட்டிய கால் ஆறுதல். ஆனால் கால் முன்னால் போனால் சாலைக் குலுக்கல் எல்லாம் நேராக இடுப்புக்கும் முதுகுத்தண்டுக்கும் வரும். முதுகுவலிக்காரர்கள் நிமிர்ந்து உட்காரும் ஆர்டி-யை முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மணி நேரம் ஓட்டினால் தெரியும்.

காற்றும் ஒரு காரணம். ஆர்டி-யின் பெரிய கண்ணாடி காற்றையும் மழையையும் நன்றாகத் தடுக்கும். எஃப்3-யில் காற்று மேலே படும். வெயில் காலத்தில் அது சுகம். நவம்பர் மாதக் கனடாவில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஹார்லி ட்ரை கிளைட் அல்ட்ரா: பழகிய பைக், கூடுதல் சக்கரம்

2009 மாடலாக வந்தது. ஹார்லியின் பெரிய டூரிங் பைக்கின் முன்பாதியை அப்படியே வைத்து, பின்னால் இரண்டு சக்கர அச்சைச் சேர்த்து கம்பெனியே தயாரித்தது. பல ஆண்டுகளாகச் சாலையில் இருப்பதால் செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும்.

மாடல் ஆண்டைப் பொறுத்து இன்ஜின் மாறும். 2019 மாடலிலிருந்து வந்தவற்றில் 'மில்வாக்கி-எயிட் 114' என்ற 1,868 சிசி வி-ட்வின் இன்ஜின் இருக்கிறது. எடை சுமார் 560 கிலோ. பெட்ரோல் டாங்க் 22.7 லிட்டர். பின்னால் பெரிய டிக்கியும் அதன் மேல் இன்னொரு பெட்டியும் உண்டு. மின்மோட்டாரில் இயங்கும் ரிவர்ஸ் வசதியும் இருக்கிறது. 560 கிலோ வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ள முடியாது என்பதால், அந்த ரிவர்ஸை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

ஸ்பைடரிலிருந்து பெரிய வித்தியாசம், இதில் கிளட்சும் கியரும் பழைய முறைதான். இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர். பல வருஷம் ஹார்லி ஓட்டியவருக்கு எல்லாம் கைப்பழக்கம். ஆனால் இடது கைவிரல்களில் மூட்டுவாதம் இருந்தால், இடது முட்டியில் பிரச்சினை இருந்தால் யோசிக்கணும். எந்த வலிக்காக மூணு சக்கரத்துக்கு வருகிறோமோ, அந்த வலியையே கிளட்ச் தூண்டிவிடலாம்.

இன்னொன்று குலுக்கல். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை அச்சு இந்த மாடலில் இருப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த ஆட்டம் வண்டி முழுக்கத் தெரியும். வழவழப்பான நெடுஞ்சாலையில் இது தெரியாது. ஒட்டுப்போட்ட கிராமச் சாலையில் தெரியும்.

விலையைப் பொறுத்தவரை ஸ்பைடர் வரிசையைவிட ட்ரை கிளைட் பொதுவாக அதிகம்.

ஹோண்டா கோல்ட்விங் டிரைக்: கம்பெனி தயாரிப்பு இல்லை, கவனம்

பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. ஹோண்டா நிறுவனம் மூணு சக்கர கோல்ட்விங்கைத் தயாரிப்பதில்லை. இருசக்கர கோல்ட்விங்கை வாங்கி, பின்பக்கத்தைக் கழற்றி, இரண்டு சக்கர அச்சைப் பொருத்தித் தருவது வேறு நிறுவனங்கள். டெக்சாஸில் உள்ள 'மோட்டார் டிரைக்' அதில் ஒன்று.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? இன்ஜின்தான் காரணம். 1,833 சிசி, படுக்கைவாட்டில் ஆறு சிலிண்டர். அதிர்வு மிகக் குறைவு. இன்ஜின் தாழ்வாக இருப்பதால் வண்டியின் எடையும் தாழ்வாக உட்காரும். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள மாடலில் கைக்கும் காலுக்கும் கியர் வேலையே இல்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

• மாற்றிய பாகங்களுக்கு வாரண்டி தருவது யார்? ஹோண்டாவா, மாற்றித் தந்த நிறுவனமா?
• பின்னால் ஒற்றை அச்சா, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷனா?
• பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் மாற்றத்துக்குப் பிறகு எப்படி வேலை செய்கின்றன?
• ஸ்டியரிங்கை லேசாக்க முன் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றியிருக்கிறார்களா? மாற்றாவிட்டால் வளைவுகளில் தோள் வலிக்கும்
• வீட்டுக்கு அருகில் இதைச் சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நடுவழியில் பின் அச்சில் பிரச்சினை வந்தால், சாதாரண ஹோண்டா ஷோரூமில் அதைத் தொடத் தயங்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால், மாற்றியது யார் என்ற பேப்பரும் சேர்த்து வாங்குங்கள்.

சாய்ந்து ஓடும் மூணு சக்கரம்: யமஹா நைகன் ஜிடி

மேலே சொன்ன எந்த வண்டியும் வளைவில் சாயாது. யமஹாவின் நைகன் சாயும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தாலும் ஓடுவது சாதாரண பைக் போலத்தான். ஈரச் சாலையில் முன்பக்கப் பிடிப்பு அதிகம்.

ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான். நின்றால் நைகன் தானாக நிற்காது. கால் ஊன்றணும், ஸ்டாண்ட் போடணும். முட்டி வலிக்காகவோ பேலன்ஸ் பிரச்சினைக்காகவோ மூணு சக்கரம் தேடுபவர்களுக்கு இது தீர்வு இல்லை. காலில் தெம்பு இருந்து, பிடிப்பு மட்டும் கூடுதலாக வேண்டும் என்பவர்களுக்கு நைகன் நல்ல வண்டி.

பைக் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகமா?

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் புது டிரைக் வாங்கும் அனுபவசாலிகள் மறக்க வேண்டிய பழக்கங்கள் மூன்று இருக்கின்றன.

1. ஹேண்டிலைத் தள்ளுவது: இருசக்கர பைக்கில் நல்ல வேகத்தில் வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளணும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். பல வருஷம் ஓட்டியவர்கள் இதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். சாயாத மூணு சக்கர வண்டியில் அதே வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால், வண்டி இடப்பக்கம் போகும்! சாதாரண நேரத்தில் இது பழகிவிடும். திடீரென்று குறுக்கே ஒன்று வந்தால் கை பழைய பாடத்தைத்தான் சொல்லும். வளைவில் சாலையை விட்டு வெளியே போகும் அபாயம் இங்கேதான் இருக்கிறது.

2. கால் ஊன்றுவது: சிக்னலில் நின்றதும் கால் தரைக்குப் போகும். டெல்டா டிரைக்கில் காலுக்குப் பின்னாலேயே அகலமான சக்கரம் வருகிறது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது கால் இறக்கினால் சக்கரம் காலின் மேல் ஏறிவிடும். கால் எப்போதும் கால்படியிலேயே இருக்கணும்.

3. கை பிரேக்கைத் தேடுவது: ஸ்பைடரில் கை பிரேக் லீவரே கிடையாது. வலது காலில் ஒரே ஒரு பெடல், அதை அழுத்தினால் மூன்று சக்கரத்துக்கும் பிரேக். காரிலிருந்து வருபவர்களுக்கு இது இயல்பு. பைக்கிலிருந்து வருபவர்களின் வலது கை, அவசரத்தில் இல்லாத லீவரைத் தேடும். அந்த அரை நொடி பெரிய தூரம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அரை நொடிக்குள் வண்டி பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும்.

இதற்குத் தீர்வு பயிற்சி மட்டும்தான். அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் மூணு சக்கர வண்டிகளுக்கென்றே தனி வகுப்பை வடிவமைத்திருக்கிறது. முப்பது வருஷ அனுபவம் உள்ளவரும் அதில் சேருவது வீண் இல்லை.

மழை, பள்ளம், பெட்ரோல்: நெடும்பயணக் கணக்கு

பள்ளம்: கார் இரண்டு தடத்தில் ஓடும். நடுவில் ஒரு பள்ளமோ கல்லோ இருந்தால் இரண்டு பக்கமும் சக்கரத்தை விட்டுத் தாண்டிவிடலாம். பைக் ஒரே தடம், ஒதுங்கிப் போகலாம். மூணு சக்கர வண்டிக்கு மூன்று தடம். எதை ஒதுக்கினாலும் ஏதோ ஒரு சக்கரம் ஏறும். வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

மழை: பைக் டயர் வளைவாக இருக்கும். இந்த வண்டிகளில் கார் டயர் போல அகலமாக, தட்டையாக இருக்கும். வண்டியோ காரைவிட எடை குறைவு. தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் தரையை விட்டு மிதக்க வாய்ப்பு இருக்கிறது. டயர் தேய்ந்திருந்தால் இன்னும் அதிகம். மழையில் வேகத்தைக் குறையுங்கள், குறைந்த கோடு உள்ள டயரோடு நீண்ட பயணம் கிளம்பாதீர்கள்.

பெட்ரோல்: ஸ்பைடரில் டாங்க் சுமார் 26 லிட்டர். ட்ரை கிளைட்டில் 22.7 லிட்டர். இப்போதைய கோல்ட்விங்கில் 21 லிட்டர். லிட்டருக்கு 15 கி.மீ. என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் முறையே 390, 340, 315 கி.மீ. வரும். அடுத்த பங்க் எங்கே என்று தெரியாத பாலைவனச் சாலையில் இந்த 75 கி.மீ. வித்தியாசம் நிம்மதி தரும்.

சுமை: ஒவ்வொரு வண்டியிலும் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஸ்டிக்கர் இருக்கும். அது பையின் எடை மட்டும் இல்லை. ஓட்டுபவர், பின்சீட்காரர், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் சேர்த்துத்தான். அந்த அளவு 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 85 கிலோவும் 70 கிலோவும் உள்ள தம்பதி ஏறினால், இருவரின் உடை, ஹெல்மெட் 15 கிலோ போக, பைக்கு மிச்சம் 30 கிலோதான். 177 லிட்டர் இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திணித்தால் பிரேக்குக்கும் டயருக்கும் சோதனை.

இடம்: இவை கார் அளவுக்கு அகலமில்லை. ஆனால் டிராஃபிக்கில் பைக் போலச் சந்து புகுந்து போக முடியாது. வீட்டு வாசல், கராஜ் அகலத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

லைசென்ஸ் என்ன வேணும்?

ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சாதாரண கார் லைசென்ஸே போதும். வாஷிங்டன் மாநிலத்தில் மூணு சக்கர வண்டிக்கென்று தனி அனுமதி வாங்கணும். பிரிட்டனில் 2013 ஜனவரி 19-க்கு முன் கார் லைசென்ஸ் பெற்றவர்கள் டிரைக் ஓட்டலாம். அதற்குப் பிறகு பெற்றவர்களுக்கு, உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான விலக்கு தவிர, முழு பைக் லைசென்ஸ் தேவை.

கார் லைசென்ஸ் போதும் என்பதால் ஹெல்மெட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இந்த வண்டியில் கூரையும் இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை. விழுந்தால் பைக்கிலிருந்து விழுவதும் இதிலிருந்து விழுவதும் ஒன்றுதான்.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்கணும்?

• பின்சீட்டில் வரப்போகிறவரையும் கூட்டிப்போங்கள். ஏறி இறங்க அவருக்குச் சுலபமா என்று பாருங்கள். அகலமான டிக்கியைத் தாண்டிக் கால் போடுவது சிலருக்குக் கஷ்டம்
• காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் வளைந்து ஓட்டிப் பாருங்கள். வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளும். தோளும் கையும் தாங்குகிறதா?
• மெதுவான வேகத்தில் பிரேக் பழகுங்கள். பிறகு வேகம் கூட்டுங்கள்
• ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். சரிவான இடத்திலும் எடுங்கள்
• முடிந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அமெரிக்காவில் ஹார்லி டிரைக் வாடகைக்குக் கிடைக்கிறது. சில நூறு டாலர் செலவு, பல ஆயிரம் டாலர் தவறைத் தடுக்கும்

யாருக்கு எது?

ஸ்பைடர் ஆர்டி: இரண்டு பேராக நீண்ட பயணம், நிறையப் பொருள், குளிர் பிரதேசம். முதுகுவலி உள்ளவர்கள். காரிலிருந்து நேராக வருபவர்கள்.

எஃப்3 லிமிடெட்: முட்டியை மடக்க முடியாதவர்கள், உயரம் குறைவானவர்கள். எப்போதாவது இரண்டு பேராகப் போகிறவர்கள்.

எஃப்3-டி: தனிப் பயணி. வார இறுதி, இரண்டு மூன்று நாள் பயணம்.

ட்ரை கிளைட்: கிளட்ச், கியர் பழக்கத்தை விட மனமில்லாத, கை கால் மூட்டுகளில் தெம்பு உள்ள பழைய ஹார்லிக்காரர்கள். நல்ல நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் உள்ளவர்கள்.

கோல்ட்விங் டிரைக்: ஏற்கெனவே கோல்ட்விங் வைத்திருந்து, அதைப் பிரிய மனம் இல்லாதவர்கள். அருகில் நம்பகமான மெக்கானிக் உள்ளவர்கள்.

நைகன் ஜிடி: காலில் பிரச்சினை இல்லாத, சாய்ந்து ஓட்டும் சுகத்தை விடாத பைக் பிரியர்கள்.

இன்ஜின் சிசியும் ஸ்கிரீன் அளவும் எந்த விளம்பரத்திலும் கிடைக்கும். எந்த மூட்டு வலிக்கிறது, பின்னால் உட்காரப் போவது யார், எந்தச் சாலையில் ஓட்டப் போகிறோம் என்பது ஓட்டுபவருக்கு மட்டுமே தெரியும். இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால், விற்பனையாளர் பேச ஆரம்பிக்கும் முன்பே பாதி முடிவு கையில் இருக்கும்.